டிராக்கன்ஸ்பெர்க் உச்சியில் பனி கொட்டினால் செடிகள் செத்துவிடுமா?

2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை பனியில் மூடிக்கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையைச் சாலை கடக்கும் வேன் ரீனன் கணவாய்ப் பக்கம் லாரியும் காருமாக வரிசைகட்டி நின்றுவிட்டன, எத்தனையோ பேர் ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அப்போது புரட்டாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இந்த நாட்டுக் கணக்கில் செப்டம்பர் 1 அன்றே வசந்தம் தொடங்கிவிடுகிறது. வசந்தத்தில் இப்படிக் கொட்டியதும் இங்குள்ள நம் தமிழ் ஆட்கள் நடுவில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்தது: செடி துளிர்விடுகிற நேரத்தில் இவ்வளவு பனி விழுந்தால் மலைமேல் இருப்பதெல்லாம் கருகிப்போகாதா? டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் டொங்காட்டிலிருந்தும் வருஷாவருஷம் மலையடிவார ஊரான அண்டர்பெர்க் வரை பனி பார்க்கப் போய்வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில்: உச்சியில் வாழும் செடிகளுக்குப் பனிப்பொழிவு பெரும்பாலும் பாதுகாப்புதான். அவற்றை வதைப்பது பனியே விழாத, மேகமில்லாத, காற்று வீசும் குளிர்கால ராத்திரிகள். இது ஏன் என்று புரிய வேண்டுமானால் குளிர் ஒரு செடியை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் அந்தச் செடிகள் ஒன்றை ஒன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதற்கு வரலாம். என்னைக் கேட்டால் இந்த மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கியமானது அந்த இரண்டாவது விஷயம்தான்.

முதலில் இடம்

டிராக்கன்ஸ்பெர்க் என்று நாம் சொல்லும் மலைச்சுவரின் மேல்பகுதி எரிமலைப் பாறை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி பிளந்து குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகிய பசால்ட் அது. அதற்குக் கீழே மஞ்சள் நிற மணற்பாறை. சுவரின் மேலே ஏறிவிட்டால் லெசோத்தோ நாட்டின் உயர்நிலம் தொடங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் மஃபாடி, 3,450 மீட்டர். எல்லை தாண்டி லெசோத்தோவில் இருக்கும் தபானா இன்ட்லென்யானா 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்குத் தெற்கே அதைவிட உயர்ந்த இடம் கிடையாது. லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் கணவாயின் உச்சி 2,876 மீட்டர், அதாவது நம்மில் பலர் ஜீப்பில் போய் இறங்கும் இடமே உயர்மலைத் தாவரங்களின் வாசல்.

உயர்மலை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மரங்கள் வளர முடியாத உயரத்துக்கு மேலே இருப்பதைத்தான் அப்படிச் சொல்வது. செடிகள் வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் மரம் வளர்ச்சிக்குத் திணறுகிறது. உலகம் முழுக்க மரங்கள் நின்றுபோகும் கோடு கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் அமைகிறது. டிராக்கன்ஸ்பெர்க்கில் இந்தக் கோடு தெளிவாகத் தெரியாது. குளிரோடு சேர்ந்து காட்டுத்தீயும் மரங்களைக் கீழேயே தடுத்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்குகளில் கொஞ்சம் காடு, அதற்கு மேலே புல்வெளி, அதற்கும் மேலே எரிக்கா, ஹெலிகிரைசம் போன்ற குட்டைப் புதர்கள் என்று போகிறது.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் மற்ற மலைகளிலிருந்து இந்த மலையைப் பிரிப்பது. இங்கே மழை பெய்வது கோடையில். அக்டோபர் முதல் மார்ச் வரை இடியும் மின்னலுமாகப் பெய்துவிட்டு, குளிர்காலம் முழுக்க வானம் வறண்டு கிடக்கும். ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் முழுவதும் பனி மூடியே இருக்கும், செடிகள் அதற்கடியில் தூங்கும். டிராக்கன்ஸ்பெர்க்கில் ஆண்டுக்குச் சில தடவை பனி விழுகிறது, விழுந்ததும் பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடுகிறது, நிழல் விழும் தெற்குச் சரிவுகளில் மட்டும் கொஞ்சம் தங்கும். ஆக, இங்குள்ள செடிகள் குளிர்காலத்தின் பெரும்பகுதியைத் திறந்த வெளியில், வறண்ட மண்ணில்தான் கழிக்க வேண்டும்.

உயரம் ஒரு செடியை என்ன செய்கிறது

1. வெப்பம் குறைகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி. டர்பன் கடற்கரையில் 25 டிகிரி இருக்கும்போது 3,000 மீட்டரில் 5, 6 டிகிரிதான் எதிர்பார்க்கலாம். காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான்.

2. புற ஊதாக் கதிர் கூடுகிறது, 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். மேலே ஏறினவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே முகம் கருத்துத் திரும்புவது இதனால்தான்.

3. காற்று. வெறுமனே தள்ளுவதோடு அது நிற்பதில்லை, இலையைச் சுற்றியிருக்கும் கதகதப்பையும் ஈரத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது.

4. உறைவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் செல் வெடித்துச் செடி சாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். குளிருக்குப் பழகிய செடிகளில் நடப்பது வேறு. பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில் உருவாகிறது. அப்படி உருவான கட்டி செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே வளர்கிறது. செல் சுருங்குகிறது, உள்ளே மீதமிருக்கும் சாறு கெட்டிப்படுகிறது. அதாவது உறைவினால் வரும் சாவு ஒரு வகையில் தாகத்தினால் வரும் சாவு. இதைத் தாங்கும் செடிகள் இலையுதிர் காலத்திலேயே ஆயத்தமாகிவிடுகின்றன. செல்லுக்குள் சர்க்கரையையும் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துவைக்கின்றன, செல் சவ்வில் இருக்கும் கொழுப்பின் தன்மையையே மாற்றிக்கொள்கின்றன. நாள் நீண்டு வெப்பம் ஏறியதும் இந்த ஆயத்தம் கலைகிறது. துளிர் இலையிலும் மொட்டிலும் ஆயத்தம் அறவே கிடையாது. ஆகவே ஜூலையில் மைனஸ் பத்தைத் தாங்கிய அதே செடியின் துளிர் அக்டோபரில் மைனஸ் மூன்றில் கருகிவிடலாம். செப்டம்பர் பனியைப் பார்த்து வரும் கவலையில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இதோடு இன்னொரு தாகமும் உண்டு. மண் உறைந்து கிடக்கும்போது வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. மேலே வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும். வறண்ட குளிர்காலம் உள்ள மலையில் இது வாரக்கணக்கில் நீளும்.

5. ஊசிப்பனி. இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு, ஆனால் விதையிலிருந்து முளைக்கும் குழந்தைச் செடிகளுக்கு இந்த மலையில் இது பெரிய எதிரி. ஈரமான வெற்று மண் ராத்திரியில் மேற்பரப்பில் மட்டும் உறையும்போது, அடியிலிருக்கும் ஈரம் மேலே இழுக்கப்பட்டு நூல் நூலாக, செங்குத்தான பனிக்கம்பிகளாக வளரும். சில சென்டிமீட்டர் உயரம் வரும். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு துணுக்கு மண், சில சமயம் ஒரு கூழாங்கல்லே உட்கார்ந்திருக்கும். காலையில் நடைபாதையில் காலை வைத்தால் நறநறவென்று நொறுங்குவது இதுதான். ஒரு சிறு முளைச்செடி அங்கே இருந்தால் கம்பிகள் அதையும் மண்ணோடு தூக்குகின்றன, வேர் கீழே உள்ள மண்ணில் மாட்டிக்கொண்டு இழுபட்டு அறுகிறது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் பட்டதும் எல்லாம் உருகிச் சரிகிறது. மறுநாள் ராத்திரி மறுபடியும். ஒரு மாதம் இப்படி நடந்தால் வெற்று மண் வெற்று மண்ணாகவே இருந்துவிடும்.

பனிப்பொழிவு எப்படிக் காக்கிறது

புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அந்தக் காற்று அசையாமல் சிறைப்பட்டுக் கிடப்பதால் வெப்பம் அதன் வழியே மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு முழம் பனி விழுந்து கிடந்தால், மேலே காற்று மைனஸ் 12 டிகிரியாக இருந்தாலும் மண்ணை ஒட்டி 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நமக்குக் கம்பளிப் போர்வை செய்வதை அது செடிக்குச் செய்கிறது. கீழே ஊசிப்பனி வளராது, காற்று தொடாது, புற ஊதாக் கதிரின் பெரும்பகுதி மேலேயே திரும்பிவிடும்.

உருகும்போது இன்னொரு நன்மை. செப்டம்பர் என்பது இந்த மலையில் வறட்சி முடிந்தும் முடியாத மாதம், மழை இன்னும் சரியாகப் பிடித்திருக்காது. அந்த நேரத்தில் மெதுவாக உருகி இறங்கும் பனிநீர், மேலே ஓடிப்போய்விடும் இடிமழையை விட மண்ணுக்குள் நன்றாக ஊறும். 2024 செப்டம்பரில் விழுந்தது உச்சியில் இருந்த செடிகளுக்கு நல்ல காலத்தில் கிடைத்த தண்ணீர் என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்படியானால் கெடுதலே இல்லையா? உண்டு, ஆனால் பெரும்பாலும் கீழே. 1,500 முதல் 2,000 மீட்டர் வரையிலான சரிவுகளில் துளிர்கள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. அங்கே ஈரப்பனி விழுந்தால் எடை தாங்காமல் புதர்மரங்களின் கிளைகள் முறியும். பனி உருகி முடிந்ததும் வரும் தெளிந்த ராத்திரிதான் துளிரைக் கருக்குவது. பழத்தோட்டம் வைத்திருப்பவர்களும் மேய்ச்சல்காரர்களும் பயப்படுவது சரிதான், லெசோத்தோ இடையர்களுக்குத் திடீர்ப் பனி என்றால் ஆடுகளை இழப்பது. உச்சியில் மெத்தை போலத் தரையை ஒட்டி அடர்ந்து வளரும் செடிக்கும் மண்ணுக்கடியில் கிடக்கும் கிழங்குக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

தனியாகப் பிழைக்கும் வழிகள்

சில நூறு இனங்கள் உலகில் இந்த மலைத்தொடரில் மட்டுமே இருக்கின்றன. அவை பிழைக்கும் வழிகளைச் சில வகைகளில் அடக்கலாம்.

முதல் வழி, மண்ணுக்குள் போய்விடுவது. ரோடோஹைபாக்சிஸ் பௌரி என்ற சின்னப் பூச்செடி நவம்பர், டிசம்பரில் பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகப் பூத்துத் தள்ளும், மே மாதம் போனால் ஒரு இலைகூட இருக்காது. கிழங்கு மட்டும் காய்ந்த மண்ணில் படுத்திருக்கும். காய்ந்த கிழங்கில் உறைய அதிகத் தண்ணீர் இல்லை. வறண்ட குளிர்காலம் இதற்குச் சாதகம். ஈரக் குளிர் உள்ள நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் மழை படாமல் மூடிவைக்கிறார்கள். புற்களும் இதே ரகம்தான்: வளரும் நுனி தரையை ஒட்டி, பழைய தாள்களின் காய்ந்த அடிப்பகுதிக்குள் பத்திரமாக இருக்கிறது. குளிரும் தீயும் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போனாலும் அது தப்பிவிடும்.

இரண்டாவது, ரோமம். ஹெலிகிரைசம் இனத்தை நம்மில் நிறையப் பேருக்குத் தெரியும், டர்பன் வாரிக் சந்தையில் மூலிகை விற்பவர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும் இம்பெபோ அந்தக் குடும்பம்தான், சூலு மக்கள் முன்னோருக்குப் புகை போட அதைக் கொளுத்துவார்கள். மலை உச்சியில் இருக்கும் அதன் உறவினர்களின் இலைகள் வெள்ளை ரோமம் அடர்ந்து வெள்ளி மாதிரி மினுங்கும். ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இலையை ஒட்டி ஒரு படலம் அசையாத காற்றைப் பிடித்துவைக்கிறது, ஈரம் போவதையும் குறைக்கிறது.

மூன்றாவது, மெத்தை. இதைப் பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டும். ஹெலிகிரைசம் மில்ஃபோர்டியே பசால்ட் பாறை விளிம்புகளில் வளர்வது. தூரத்தில் பார்த்தால் கல்மேல் படர்ந்த சாம்பல் நிறத் திட்டு. பக்கத்தில் போனால் விரல்நுனி அளவு இலைக்கொத்துகள் நூற்றுக்கணக்கில், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஊசி நுழைய இடமில்லாமல். மொட்டாக இருக்கும்போது பூவின் வெளிச் செதில்கள் கருஞ்சிவப்பு, வெயில் வந்து விரிந்தால் உள்ளே பளிச்சென்று வெள்ளை, மேகம் மூடினால் மறுபடி சுருண்டு சிவப்பு. கையை வைத்து அழுத்தினால் கெட்டியாக இருக்கும். மேலே ஒரே ஒரு பச்சைத் தோல்தான் உயிருள்ளது, அடியில் காய்ந்த பழைய இலைகள் உதிராமல் அங்கேயே மக்கி, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் மண்ணாகிவிடுகின்றன. செடி தன் உரத்தைத் தானே தயாரித்துத் தனக்கடியிலேயே வைத்துக்கொள்கிறது. உருண்டையான, வழுவழுப்பான வடிவத்தின்மேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெயில் அடிக்கும் நாளில் இப்படிப்பட்ட மெத்தைச்செடிகளின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும் என்பது உலகின் பல மலைகளில் அளந்து பார்த்த விஷயம். யூபோர்பியா கிளாவரியாய்டிஸ் என்ற பால்கள்ளியும் லெசோத்தோவில் இதே மெத்தை வடிவத்துக்கு வந்திருக்கிறது. இரண்டுக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை, இருந்த நெருக்கடி ஒன்றுதான்.

போட்டி எங்கே, துணை எங்கே

இதுவரை சொன்னது ஒவ்வொரு செடியும் தன் உடம்பை எப்படி மாற்றிக்கொண்டது என்பது. ஆனால் ஒரு மலையின் பச்சை அதனால் மட்டும் வருவதில்லை. ஊசிப்பனி பிடுங்கிப்போடும் அந்த முளைச்செடியை மறுபடி நினைத்துப்பாருங்கள். வெற்று மண்ணில் விழுந்த விதைக்கு வழியில்லை. அதே விதை ஒரு மெத்தைச்செடியின் நடுவில் விழுந்தால்? அங்கே ஈரம் உண்டு, மக்கு உண்டு, காற்று இல்லை, மண் தூக்கப்படுவதில்லை. இப்படி இன்னொரு இனத்துக்குத் தங்க இடம் கொடுக்கும் செடியைச் செவிலிச்செடி என்கிறார்கள்.

செடிகள் என்றாலே வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொள்வதுதான் என்ற எண்ணம் தாவரவியலில் ரொம்ப காலம் இருந்தது. 1994இல் பெர்ட்னஸ், கேலவே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சூழல் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் போட்டி குறைந்து துணை கூடும். 2002இல் கேலவேயும் உலகின் பல பகுதி ஆய்வாளர்களும் சேர்ந்து 11 மலைத்தொடர்களில் 115 இனங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். செய்முறை எளிமையானது. ஒரு செடியைச் சுற்றியுள்ள அண்டைச் செடிகளை அகற்றிவிட்டு, அது முன்பைவிட நன்றாக வளர்கிறதா, நலிகிறதா என்று பார்ப்பது. மரக்கோட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கதகதப்பான இடங்களில், அண்டை வீட்டைக் காலி செய்ததும் மிச்சமிருந்த செடி செழித்தது. உயரத்தில், குளிர் கடுமையான இடங்களில், அண்டை போனதும் மிச்சமிருந்ததும் நலிந்தது. கீழே போட்டியாளன், மேலே துணைவன்.

தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருக்கும் ஒரு நிலத்திலும் இதைப் பார்க்கலாம், அது மலையில் இல்லை, தெற்குப் பெருங்கடலில். மேரியன் தீவு, கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். மரம் ஒன்றுகூட இல்லாத, எப்போதும் காற்றடிக்கும் எரிமலைத் தீவு. அங்கே அசொரெல்லா செலாகோ என்ற மெத்தைச்செடி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்கிறது, வெறும் கல்தரையில் பச்சை உருண்டைகளாக. அந்த உருண்டைகளின்மேல் அக்ரோஸ்டிஸ் மெகல்லானிக்கா என்ற புல் முளைத்திருக்கும். பீட்டர் லெ ரூ, மெலடி மெகீயோ ஆகியோர் தீவின் கடற்கரையிலிருந்து உயரம் வரை இந்த ஜோடியைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தாழ்ந்த இடத்தில் அந்தப் புல்லுக்கு மெத்தை அவ்வளவு அவசியமில்லை, வெளியிலும் வளர்கிறது. சூழல் கடுமையாகும் உயரத்தில் பெரும்பாலும் மெத்தை இருக்கும் இடத்தில்தான் புல்லைப் பார்க்க முடிகிறது. மெத்தைக்குள் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளும் சிறு பூச்சிகளும் கூட்டமாகக் குடியிருக்கின்றன.

இதைக் கேட்டதும் செடிகள் அன்பாக ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதாக நினைத்துவிடக் கூடாது. இடம் கொடுப்பதற்கு விலை இருக்கிறது. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் அரெனாரியா என்ற மெத்தைச்செடியை ஆராய்ந்தபோது, மேலே விருந்தாளிகள் அதிகமாக முளைத்த மெத்தைகளில் பூவும் விதையும் குறைந்திருந்தன. விருந்தாளி வளர்ந்து நிழல் விழுந்தால் அந்த இடத்தில் மெத்தை செத்துவிடும். குளிர் கடுமையாக இருக்கும் வரை விருந்தாளி சின்னதாகவே இருப்பதால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

மண்ணுக்கடியிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. குளிரில் இலைச்சருகு மக்குவது ரொம்பவும் மெதுவாக நடப்பதால் தழைச்சத்து கிடைப்பது கஷ்டம். எரிக்கா புதர்களின் வேர்களில் வாழும் ஒருவகைப் பூஞ்சை, மக்காத பொருளிலிருந்தே அந்தச் சத்தைப் பிரித்துக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. கொடுக்காமல் வாங்குகிறவையும் உண்டு: ஹார்வேயா என்ற அழகான பூச்செடி பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சித்தான் வாழ்கிறது.

பூச்சி குறைந்த இடத்தில் மகரந்தம் யார் கொண்டுபோவது

குளிரும் காற்றும் உள்ள இடத்தில் தேனீ அதிகம் பறக்காது. அதனால் இந்த மலையில் மகரந்தச் சேர்க்கை விசித்திரமான கூட்டாளிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

கத்ரியா கேபிடேட்டா என்று ஒரு செடி, பாறை இடுக்குகளிலும் பாறையடியிலும் தரையோடு தரையாக இலைகளை விரித்துக் கிடக்கும். பூ எங்கே என்று தேட வேண்டும். இலைகளைத் தூக்கிப் பார்த்தால் அடியில், மண்ணை ஒட்டி, பச்சை நிறத்தில் கொத்தாக இருக்கும். நிறமில்லை, வெளியில் தெரிவதில்லை, ஆனால் வாசனை பலமாக வரும், தேனும் நிறைய. இப்படித் தரையில் ஒளிந்திருக்கும் மணமுள்ள பூ என்றால் எலி வகைகள் வந்து போகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தையும் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அசைவைக் கண்டால் தானாக இயங்கும் கேமராக்களை வைத்துப் பார்த்தபோது எலி எதுவும் வரவில்லை. வந்தது பாறை ஓணான். இலைக்கடியில் தலையை விட்டு, தேனை நக்கி, மூக்கிலும் தாடையிலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனது. ஓணான் வராதபடி தடுத்த செடிகளில் காய்ப்பு வெகுவாகச் சரிந்துவிட்டது. 2019இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் ஒரு பூவுக்கு ஓணான் இப்படி முக்கிய மகரந்தத் தூதராக இருப்பது தெரிந்திருக்கவில்லை. யோசித்தால் பொருத்தம்தான்: வெயிலில் சூடான பாறைமேல் கிடக்கும் ஓணானுக்குப் பறக்கத் தேவையில்லை, காற்று அதை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, நீள மூக்கு ஈ. புரோசீகா கங்கில்பவரி என்ற இந்த ஈயின் உறிஞ்சுகுழல் பல இடங்களில் அதன் உடம்பைவிட நீளம். சலூசியான்ஸ்கியா மைக்ரோசைஃபான் என்ற பூவின் தேன் நீளமான ஒரு குழாயின் அடியில் இருக்கிறது, அதை எட்ட இந்த ஈயால்தான் முடியும். இடத்துக்கு இடம் குழாயின் நீளம் மாறுகிறது, அங்கங்கே உள்ள ஈயின் குழல் நீளமும் அதற்குத் தக்கபடி மாறுகிறது. இதற்குள் மூன்றாவதாக ஒருவர் நுழைகிறார்: டைசா நிவியா என்ற வெள்ளை ஆர்க்கிட். அதன் பூவில் தேன் கிடையாது. சலூசியான்ஸ்கியாவைப் போலவே தோற்றம் காட்டி அதே கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறது, ஈயும் ஏமாந்து வந்து மகரந்தத்தைச் சுமந்து போகிறது. ஈ போனால் சலூசியான்ஸ்கியா போகும், சலூசியான்ஸ்கியா போனால் அதன் பேரில் வாழும் ஆர்க்கிட்டும் போகும்.

வெப்பம் ஏறினால் என்ன நடக்கும்

1. மேலே ஏற இடமில்லை. கீழே இருக்கும் இனங்கள் குளிர் தேடி மேலே நகரலாம், உச்சியில் இருப்பவை எங்கே போகும்? 3,482 மீட்டரோடு மலை முடிந்துவிடுகிறது. அடுத்த உயர்ந்த மலை பல நூறு மைல் தள்ளி. மேரியன் தீவில் 1960களில் எடுத்த பதிவுகளை 40 ஆண்டு கழித்து ஒப்பிட்டபோது, கணிசமான இனங்கள் தங்கள் மேல் எல்லையை உயர்த்தியிருந்தது தெரிந்தது. எல்லா இனமும் ஒரே வேகத்தில் நகரவில்லை, அதுதான் சிக்கல், முன்பு சேர்ந்திருந்தவை பிரிகின்றன.

2. துணை போட்டியாகிறது. குளிர் குறைந்தால் மெத்தைமேல் முளைத்த புல் சின்னதாக இருக்காது. வெப்பம் மெத்தைச்செடியை நேரடியாகக் கொல்லாவிட்டாலும், அது இடம் கொடுத்த விருந்தாளி அதை மூடிவிடலாம். எந்த இனம் எத்தனை டிகிரி தாங்கும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இது தெரியாமலே போய்விடும். ஆகவே அப்படிப்பட்ட கணிப்புகளை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

3. மேய்ச்சல். லெசோத்தோ பக்கம் அதிகம் மேய்ந்த சரிவுகளில் புல் போய், ஆடுமாடு தொடாத கசப்புப் புதரான கிரைசோகோமா சிலியேட்டா பரவியிருக்கிறது. புல்மூடி கிழிந்த இடமெல்லாம் ஊசிப்பனிக்குத் திறந்த வாசல். வெப்பத்துக்காகக் காத்திருக்காமல் இப்போதே நடந்துகொண்டிருப்பது இது, நம் கைக்கு எட்டுவதும் இதுதான்.

4. தண்ணீர். உயர்நிலத்தின் சதுப்புப் புல்வெளிகள் கோடை மழையை ஊறவைத்து, வறண்ட மாதங்களில் கசியவிடுகின்றன. 1986இல் லெசோத்தோவும் தென்னாப்பிரிக்காவும் ஒப்பந்தம் போட்டுக் கட்டிய கட்சே அணையின் தண்ணீர் 1998 முதல் சுரங்கம் வழியாக வால் ஆற்றுப்பக்கம் வருகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் குழாயைத் திறந்தால் வருவதில் ஒரு பங்கு அந்தச் செடிகளுக்கு நடுவில் ஊறிக் கிடந்த தண்ணீர். சதுப்பு காய்ந்து மண் அரித்தால் அணைக்கு வருவது மழை நாளின் சேற்று வெள்ளம், மழையில்லாத நாளில் குறைந்த ஓட்டம்.

மேலே போகிறவர்கள் கவனிக்க

பாதையை விட்டு இறங்காதீர்கள். படம் எடுப்பதற்காக ஒரு மெத்தைச்செடியின்மேல் ஏறி நின்றால் அது உடனே ஒன்றும் ஆனதாகத் தெரியாது. ஆனால் பச்சைத் தோல் கிழிந்த இடத்தில் காற்று புகுந்து, ஊசிப்பனி வேலையைத் தொடங்கி, ஒரு செருப்பளவு ஓட்டை ஆண்டாண்டாகப் பெரிதாகும். மெத்தைச்செடி மிக மெதுவாகத்தான் வளரும் என்பதை மனதில் வையுங்கள். கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள், அது ஓணானின் வீடு. பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேரோடு எடுத்துவந்து டர்பன் ஈரக்காற்றில் வளர்க்க முடியாது.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஷூவின் அடிப்பாகத்தையும் பேன்ட் மடிப்பையும் காருக்குள் விரித்த பாயையும் நன்றாகத் தட்டிக் கழுவிவிடுங்கள். சானி பாஸ் சாலையோரத்தில் எடுத்த ஆய்வுகளில், வெளிநாட்டுக் களைச்செடிகள் வண்டிப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறியிருக்கின்றன என்பது தெரிந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்னும் சாலையை ஒட்டியேதான் பார்க்க முடிகிறது, அதைத் தாண்டிப் புல்வெளிக்குள் அதிகம் போகவில்லை.